ஆசிரியரும் பாடமும்: சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகமொழி

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளுக்குத் (1867-1922) தமிழ் நாடக வரலாற்றில் வழங்கும் சிறப்புப் பெயர் ‘நாடகத் தலைமையாசிரியர்’ என்பதாகும். இப்பெயரை ஆங்கிலத்திற்கோ பிற இந்திய மொழிகளுக்கோ கொண்டு செல்வோர் பெரும்பாலும் நாடகம் எழுதியவர் என்னும் பொருள் தரும் சொல்லைக் கொண்டு முடித்து விடுகின்றனர். ‘தலைமை’ என்னும் அடை அப்போது பொருளற்று நிற்கின்றது. எழுதுவோருள் முதல்வர் என அதனை விரித்துக் கொள்வர் சிலர். நாடகக் கம்பெனிகளில் வாழ்ந்தவர்களின் வழக்கில் அச்சொல் அவ்வாறு பொருள்படவில்லை. பள்ளித் தலைமையாசிரியர் என்பதில் உள்ள ஆசிரியரே அங்கும் உள்ளவர். கம்பெனியில் நாடகம் எழுதித் தருபவருக்கும், அதனை நடிகர்க்குச் சொல்லிக் கொடுப்பவருக்கும் ‘வாத்தியார்’ என்பதே பெயர். இருவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருந்தனர்.

நூல் செய்தவரையும் கற்பிப்பவரையும் ‘ஆசிரியர்’ என்னும் ஒரு சொல்லாற் குறிப்பது தமிழின் பழவழக்கு. அச்சு நூலுக்குப் பழகிய இக்காலத்து வாசகர் இவ்விரு பொருள்களையும் வேறு வேறாகப் பிரித்துக் கொள்கின்றனர். சுவாமிகளின் நாடகங்களைப் பற்றி எழுந்த திறனாய்வின் குறைபாடு இப்பிரிவில் தொடங்குகின்றது. பாடல்கள் மிகுதி, வசனத்தில் கூறியது கூறல், வடசொற் பெருக்கு, பாத்திரங்கள் அனைவரும் ஒரே குரலிற் பேசுதல் ஆகிய குற்றங்கள் அவர்மேற் சாற்றப்படுகின்றன. அச்சுப் பனுவலை மட்டும் கையிற் கொண்டு படிப்பவர்க்கு இவை யாவும் உண்மையே. ஆயின் அப்பனுவல் படிப்பதற்கென எழுந்ததன்று, கற்பிப்பதற்கென எழுந்தது. சொல்லிக் கொடுப்பதற்காக எழுதப்பட்ட மொழிக்கு உரிய இலக்கணம் யாது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

வாழ்வும் தொழிலும்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு பிறந்த சங்கரன், ‘இராமாயணப் புலவர்’ எனப் பெயர் பெற்ற தம் தந்தை தாமோதரனாரிடம் தொடக்கக் கல்வி பெற்றார். பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கு அவர்க்கு ஒருசாலை மாணாக்கர். உப்பளத்தில் சிறிது காலம் கணக்கராக இருந்த அவர், தம் இருபத்து நான்காம் வயதளவில் நாடகத் தொழிலுக்கு வந்தார். இராவணன், இரணியன், எமன், சனீசுவரன் போன்ற வேடங்களில் நடித்தார். சாமி நாயுடு குழுவில் சூத்திரதாரராகவும் ஆசிரியராகவும் இருந்தார். வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவரையர், வேலு நாயர் முதலியோர் நடத்திய சபைகளில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். இடையிலே துறவு மேற்கொண்டு தலயாத்திரை சென்றமையால் ‘சுவாமிகள்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டு லய நுட்பங்களைக் கற்பித்தார் என்பது இவ்வாய்வுக்கு மிகவும் வேண்டிய செய்தி.

1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தாமே தோற்றுவித்தார். எஸ்.ஜி. கிட்டப்பா உள்ளிட்டோர் அங்குப் பயின்றவர்கள். 1918-இல் மதுரையில் தொடங்கப்பெற்ற தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபைக்கு ஆசிரியரானார். பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் எனப் புகழ்பெற்றோர் அங்குச் சேர்ந்தபோது, அவருள் சண்முகத்துக்கு வயது ஆறு. சுவாமிகளின் வாழ்க்கை பற்றி இன்று நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி சண்முகம் எழுதி வைத்தவையே. ஒரு மாணவன் தன் ஆசிரியரைப் பற்றி எழுதியதை நாம் படிக்கிறோம் என்பதை மறத்தலாகாது. அன்பும் அச்சமும் கலந்த நினைவு அது. நூற்பட்டியலுக்குப் பயன்படும் அளவினும் பயிற்றுமுறையை அறிவதற்கே மிகுதியும் பயன்படுவது. இறுதிக் காலத்திற் பக்கவாதத்தால் தாக்குண்ட நிலையிலும் கம்பெனியோடு ஊர் ஊராகச் சென்ற சுவாமிகள், 1922 நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார்.

சிறுவர் கம்பெனி தோன்றியதற்குரிய காரணம் ஒழுங்கைப் பற்றியதாகவே பெரிதும் சொல்லப்படுகிறது. வயது வந்த நடிகர் கட்டுக்கு அடங்கவில்லை. சிறுவர் அடங்குவர் என்பது அவ்விளக்கம். அது தவறன்று. ஆயின் மொழி நோக்கில் இன்னொன்றும் உண்டு. பெயர் பெற்ற நடிகன் மேடையேறியதும் எழுதித் தந்ததை விட்டுத் தன் சொற்களைப் பேசுவான். தனக்கு வாய்த்த பாட்டைப் புகுத்துவான். எதிர் நிற்பவனை வாதுக்கு இழுப்பான். பனுவலைப் பனுவலாக நிற்கச் செய்ய வேண்டின், அதனை அன்றி வேறொன்றும் அறியாதவர்களிடம் அது ஒப்படைக்கப்பட வேண்டும். ஆறு வயதுச் சிறுவனுக்குச் சொல்லிக் கொடுத்த சொல், சொல்லிக் கொடுத்தவாறே வெளிவரும். வணிக நாடகத்தில் எழுதுபவனுக்குத் தன் எழுத்தின்மேல் வேறு உரிமை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. கையெழுத்துப் படி கம்பெனியின் முதல், நடிகனின் குரல் கம்பெனியின் வருவாய், வாத்தியாருக்குரியது ஊதியம். மாணவனின் நினைவாற்றல் ஒன்றே அவர் தம் சொல்லைப் பூட்டி வைத்த பெட்டகம்.

அதே காலத்துப் பயில்முறை அரங்கோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். பம்மல் சம்பந்த முதலியார் (1873-1964) 1891-இல் சுகுண விலாச சபையை நிறுவியவர், சட்டத் தொழிலர். அவருடைய நடிகர்கள் படித்தவர்கள். பகலில் அலுவலகமும் மாலையில் ஒத்திகையும் உடையவர்கள். படிக்கத் தெரிந்தவனுக்கு எழுதிய மொழி உரைநடையாக இருப்பது இயல்பு. செவி வழியே பயில வேண்டிய சிறுவனுக்கு எழுதிய மொழி அவ்வாறு இருக்க இயலாது. முதலியாரைப் புதுமைக்கும் சுவாமிகளைப் பழமைக்கும் எடுத்துக்காட்டாக நிறுத்தும் வரலாற்று நூல்கள் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை. இருவரும் தத்தம் நடிகரின் எழுத்தறிவுக்கு ஏற்ற மொழியைத் தேர்ந்தனர் என்பதே பொருத்தமான விளக்கம்.

சந்தமும் மெட்டும்

சுவாமிகளின் ஆசிரியராகிய தண்டபாணி சுவாமிகள் வண்ணச்சரபம் என்னும் பெயர் பெற்றவர். வண்ணப் பாவின் இயல்பு மொழியியலார் நன்கு அறிந்ததே. குறிலும் நெடிலும், ஒற்றடுத்தும் அடாதும் வரும் அசைகளின் ஒழுங்கு முதலில் ஒரு வாய்பாடாக வகுக்கப்படுகிறது. பின்னர் ஒவ்வோர் அடியும் அவ்வாய்பாட்டை மாறாது நிரப்ப வேண்டும். கருத்துக்கு ஏற்பச் சந்தம் அமைவதில்லை. அமைந்துவிட்ட சந்தத்திற்குள் கருத்துப் புக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பார்சி நாடகக் குழுக்களின் வருகையால் தமிழ் மேடையில் திரைச்சீலைகளும் ஆர்மோனியமும் புதிய மெட்டுகளும் பரவின. மக்கள் ஏற்கெனவே கேட்டு மயங்கிய மெட்டில் புதிய சொற்களை அமைத்துத் தருமாறு கம்பெனி முதலாளி கேட்பார். இதனைக் கலைஞனுக்கு வணிகம் இட்ட விலங்கு எனக் கூறுவது எளிது. ஆயின் வண்ணம் பயின்றவனுக்கு இது விலங்கன்று. தான் பயின்ற பாடமே. இந்துஸ்தானி மெட்டு ஒன்றின் நீட்டல் குறுக்கல்கள் அவனுக்கு இன்னொரு சந்த வாய்பாடு, அவ்வளவே. புலமை மரபும் வணிக அரங்கும் சுவாமிகளிடம் ஒன்றோடொன்று முரணின என்று கூறுவோர் இவ்விடத்தை நோக்க வேண்டும். மடத்திலும் திண்ணையிலும் கற்ற கல்வியே மேடைக்கு நேரே பயன்பட்டது. மான்பூண்டியா பிள்ளையிடம் பெற்ற லயப் பயிற்சி அதற்கு மேலும் ஓர் உறுதி.

இதன் விளைவுகளுள் ஒன்று, பாடல்களில் வரும் வடசொற்களின் இயல்பு. தனித்தமிழ் நோக்கினர் இவற்றை எண்ணிக் காட்டிக் குறை கூறுவர். பல இடங்களில் அச்சொற்கள் பொருளுக்காக வந்தன அல்ல, அசையளவுக்காக வந்தன. ஒரே பொருள் தரும் தமிழ்ச் சொல்லும் வடசொல்லும் அசையமைப்பில் வேறுபடும்போது, மெட்டு எதனைக் கேட்கிறதோ அது வருகிறது. ‘கணவா’ என்பது குறில் தொடர்ந்து இறுதியில் நெடிலாகும் மூவெழுத்து; ‘நாதா’ நெடில் இரண்டு; ‘பிராணநாதா’ ஐந்தெழுத்தில் மூன்று நெடில் உடையது. விளிச்சொற்களின் இத்தொகுதி மெட்டமைப்போனுக்கு ஒரு கருவிப் பெட்டி. மொழிபெயர்ப்பாளர் இம்மூன்றற்கும் மூன்று வெவ்வேறு உறவு நிலைகளைக் கற்பித்துக் கொண்டு மூன்று விதமாக மொழிபெயர்த்தால், பனுவலில் இல்லாத நுட்பத்தை அதற்கு ஏற்றியவராவார்.

செய்யுளும் வசனமும்

சுவாமிகளின் நாடகங்களில் ஒரு பாத்திரம் தன் கருத்தை முதலில் விருத்தமாகவோ கீர்த்தனையாகவோ பாடுகிறது. உடனே அதே கருத்தை வசனத்திற் கூறுகிறது. படிப்பவர்க்கு இது அலுப்புத் தருவது; ‘கூறியது கூறல்’ என்னும் குற்றச்சாட்டு இங்கிருந்தே எழுந்தது. பதிப்பிப்போரும் மொழிபெயர்ப்போரும் முதலில் வெட்ட நினைப்பதும் இவ்வசனங்களையே.

வெட்டுவதற்கு முன் சில எண்ணிப் பார்க்கத்தக்கன. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகை. இரவு முழுதும் நடக்கும் ஆட்டம். தரையில் அமர்ந்தோரும் நாற்காலியில் அமர்ந்தோரும் கலந்த அவை. பாட்டிற் சொல் சிதையும். நெடில் மேலும் நீளும். சொற்புணர்ச்சியில் எல்லைகள் மறையும். பாட்டில் தவறவிட்டதைப் பார்வையாளர் வசனத்திற் பிடித்துக் கொள்கின்றனர். தகவல் பரிமாற்றத்தில் மிகைமை என மொழியியலார் கூறும் பண்பு இதுவே. இரைச்சல் மிகுந்த இடத்தில் மிகைமை குற்றமன்று, இன்றியமையாதது.

இரண்டாவதாக, இவ்வமைப்புத் தமிழ்க் கல்வி மரபுக்குப் புதிதன்று. மூலமும் உரையும் என்னும் இணை அது. செய்யுளைச் சொல்லி, அதன் பொருளை எளிய நடையில் விரிப்பது திண்ணைப் பள்ளியின் முறை. புராணப் பிரசங்கத்தின் முறையும் அதுவே. உரோமன் யாக்கோப்சன் 1959-இல் மொழிபெயர்ப்பை மூவகையாகப் பிரித்தபோது, ஒரு மொழிக்குள்ளேயே நிகழும் பெயர்ப்பை அவற்றுள் ஒன்றாகக் கொண்டார். சுவாமிகளின் மேடையில் அது ஒவ்வொரு காட்சியிலும் நிகழ்கின்றது. உயர்வழக்குச் செய்யுள் இடைநிலை வசனமாகிறது. அவ்வசனம் பபூனின் வாயில் பேச்சு வழக்காகிறது. அரசனும் தேவரும் நாயகியும் எழுத்து வழக்கை விட்டு இறங்குவதில்லை. பபூன் அதிற் பெரும்பாலும் ஏறுவதில்லை. ஏறினாலும் பகடி செய்வதற்கே ஏறுகிறான். தமிழின் இரட்டை வழக்கைப் பள்ளி செல்லாத பெருங்கூட்டத்தினர் நாள்தோறும் கேட்டுப் பழகிய இடங்களுள் நாடகக் கொட்டகை முதன்மையானது எனின் மிகையாகாது. தன்னைத் தானே மொழிபெயர்த்துக் கொண்டே செல்லும் இத்தகைய பனுவலில் ஒரு படியை நீக்கி விட்டுப் பெயர்ப்பவர், பனுவலின் இயக்கத்தையே நீக்கி விடுகிறார்.

வசனமும் வெறும் உரைநடை அன்று. மோனையும் எதுகையும் நெருங்கி வரும் தொடர்கள். ஓசையால் ஒன்றையொன்று இழுத்து வரும் இணைச்சொற்கள். முன்னவன் முடித்த சொல்லைப் பின்னவன் எடுத்துத் தொடங்கும் அந்தாதிப் போக்கு. இவற்றை அலங்காரம் எனக் கொண்டு பழித்தவர்களும் புகழ்ந்தவர்களும் உண்டு. சிறுவனின் நினைவுக்கு இட்ட கொளுவிகள் என்று காண்பதே தகும். அடுத்த தொடரின் முதலெழுத்தை முந்திய தொடரே நினைவூட்டும். எதிர் நிற்பவனின் கடைசிச் சொல் தன் முதற்சொல்லைக் கொண்டு தரும். எழுத்தறியாத சிறுவனும் நான்கு மணி நேர நாடகத்தை மனத்திற் கொள்வது இவ்வாறே.

அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில், நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களோடும் வசனங்களோடும், அடித்தல் திருத்தல் இன்றி எழுதி முடித்தார் என்று சண்முகம் எழுதியுள்ளார். அந்நாடகம் சிறுவராகிய சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே எழுந்தது. அடியார்கள் இதனை அருளின் செயலாகப் போற்றுவர். ஐயுறுவோர் மாணவனின் மிகைக்கூற்று என ஒதுக்குவர். இரண்டும் வேண்டுவதில்லை. தெரிந்த கதை, கையிலுள்ள மெட்டுகள், மேடையில் நிலைபெற்ற விளிகளும் தொடர்களும், காட்சிகளின் பழகிய வரிசை ஆகியவை நிரம்பிய மனத்திற்கு ஓர் இரவு போதாது என்று கூற இயலாது. வாய்மொழிக் காவியப் பாடகர்களைப் பற்றி ஆல்பர்ட் லார்டு 1960-இலும், சங்கப் பாடல்களைப் பற்றிக் க. கைலாசபதி 1968-இலும் வெளியிட்ட ஆய்வுகள் வாய்பாட்டு மொழியின் வேகத்தை விளக்கியுள்ளன. சுவாமிகள் எழுத்தறிவு மிக்கவர். இலக்கணப் புலமை உடையவர். அவர் வாய்மொழிப் பாடகர் அல்லர். ஆயினும் அவருடைய மொழி பிறர் வாயிற் சென்று தங்க வேண்டியிருந்தமையால், அது வாய்மொழியின் இயல்புகளை மேற்கொண்டது.

பாத்திரங்கள் அனைவரும் ஒரே குரலிற் பேசுகின்றனர் என்னும் குற்றச்சாட்டுக்கு மட்டும் தக்க விடை இல்லை. வாய்பாட்டு மொழியில் தனிக்குரல் அமைவது அரிது என்று கூறலாமேயன்றி, அமைந்துள்ளது என்று கூறுதல் ஒல்லாது. அல்லியின் செருக்கும் பவளக்கொடியின் ஏக்கமும் நடிகரின் குரலில் வேறுபட்டிருக்கலாம். பனுவலில் அவ்வேறுபாடு மிக மெல்லியது. அன்பர்கள் இதனை ஒப்புக்கொள்ளத் தயங்குவது அவருக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

மாபாவியோர்

மொழிபெயர்ப்பாளர்க்குப் பாடமாகக் கொள்ளத்தக்க நிகழ்ச்சி ஒன்று நாடக உலகில் வழங்கி வருகிறது. கோவலன் நாடகத்தில் கணவனை மதுரைக்குச் செல்லாது தடுக்கும் கண்ணகியின் பாடலில் மதுரை ‘மாபாவியோர்’ வாழும் ஊராகச் சொல்லப்படுகிறது. மதுரையிலேயே அப்பாடல் பாடப்பட்டபோது அவையோர் சினந்து எழுந்தனர். சுவாமிகள் மேடைக்கு வந்து, ‘மா’ என்பது திருமகள், ‘பா’ என்பது கலைமகள், ‘வி’ என்பது மலைமகள். இம்மூவரும் வாழும் ஊர் மதுரை என்பதே பொருள் என விளக்கினார். அவை அமைதியுற்றது, மகிழ்ந்து கைதட்டியது என்றும் கூறுவர்.

இந்நிகழ்ச்சி சுவாமிகளின் புலமைக்குச் சான்றாகவே எங்கும் காட்டப்படுகிறது. மொழியியல் நோக்கில் இவ்விளக்கத்தின் மூன்று உறுப்புகளும் ஒத்த வலிமை உடையன அல்ல. ‘மா’ திருமகளைக் குறித்தல் பழைய வழக்கு. ‘பா’ செய்யுளைக் குறித்து, அதன்வழி அதற்குரிய தெய்வத்தைக் குறிப்பதாகக் கொள்ளலாம். சற்று நீட்டிய ஆகுபெயர். ‘வி’ என்பது இருவரையும் நோக்கித் தானும் தெய்வமாயிற்று என்பதைத் தவிர அதற்கு வலுவான ஆதரவு இல்லை. பலர்பால் விகுதியாகிய ‘-ஓர்’ மட்டும் இரு பிரிப்புக்கும் இடையூறின்றிப் பொருந்துகிறது. பாடலின் சூழலோ முதற்பொருளையே வேண்டி நிற்கிறது. மூன்று தேவியரும் வாழும் ஊருக்குப் போகாதே என்று ஒரு மனைவி தடுப்பதில் பொருத்தமில்லை.

அவ்வாறாயின் அவையோர் ஏன் ஏற்றனர்? அவர்கள் நிகண்டு கொண்டு சரி பார்க்கவில்லை. ஓரெழுத்து ஒருமொழியாகப் பிரித்துப் பொருளுரைக்கும் முறை அவர்கள் கதாகாலட்சேபத்திலும் திருப்புகழ் விளக்கத்திலும் கேட்டுப் பழகியது. அம்முறையில் ஒருவர் தங்கள் முன் நின்று, தங்கள் ஊருக்காக, அந்த நொடியில் பொருள் படைத்தார். அதுவே அவர்கள் வேண்டிய மன்னிப்பு. ஆசிரியர் மேடையில் இறங்கி உரையாசிரியரானார். பாடலை எழுதியவர் அதன் பொருளைப் பின்னர் அவையோடு பேசி முடிவு செய்து கொள்கிறார் எனில், பொருள் பனுவலில் முன்னரே முடிந்து கிடக்கவில்லை என்பது தெளிவு.

இதனைப் பெயர்ப்பவர் இலக்கு மொழியில் இத்தகைய இருபொருட் சொல் ஒன்றைத் தேடி உழைப்பது வீண். கிடைப்பினும் அது பாடலைக் கெடுக்கும்; ஏனெனின் பாடலில் சிலேடை இல்லை. சிலேடை பாடலுக்குப் பின் நிகழ்ந்தது. பாடலை அதன் நேர்ப்பொருளில், மதுரை மக்களைச் சினமூட்டிய அப்பொருளிலேயே பெயர்க்க வேண்டும். விளக்கம் வேண்டின் அது முன்னுரைக்கு உரியது.

பாடமும் பாடவேறுபாடும்

‘பாடம்’ என்னும் சொல்லும் ‘ஆசிரியர்’ என்பது போன்றதே. கற்பது பாடம்; மனத்திற் கொண்டது பாடம்; ஏடுகளிடையே வேறுபடுவது பாடம். நாடகக் கம்பெனியில் ஒரு நடிகனுக்கு ஒதுக்கப்பட்ட பாத்திரப் பகுதியும் பாடமே. நாரதர் பாடம், வள்ளி பாடம் என்பது அவர்கள் வழக்கு. ஒரு சொல் இந்நான்கையும் தழுவி நிற்பது தற்செயல் அன்று. நாடகம் முழுமையாக இருந்த இடம் வாத்தியாரின் மனமும் கம்பெனியின் கையெழுத்துப் படியுமே; ஏனையோரிடம் இருந்தவை பாடங்கள்.

சிறுவரைக் கொண்டு பனுவலை நிலைநிறுத்த முயன்றவரின் நாடகங்கள், அவர் மறைவுக்குப் பின் பனுவல் மிகத் தளர்ந்த ஓர் அரங்கில்தான் நீடித்து வாழ்கின்றன என்பது வியப்புக்குரியது. அதுவே ‘ஸ்பெஷல் நாடகம்’. அதற்குக் கம்பெனி இல்லை. ஒவ்வொரு நடிகரும் தனித்தனியே ஒரு நாள் ஆட்டத்திற்கு ஒப்பந்தம் செய்யப்படுகின்றனர். இராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், நடனக்காரி, ஆர்மோனியம், மிருதங்கம் எனப் பல ஊர்களிலிருந்து வந்து கூடுவோர் ஒத்திகை இன்றியே இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும் வரை வள்ளி திருமணத்தையோ பவளக்கொடியையோ நடத்தி முடிக்கின்றனர். மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி இவ்வழக்கம் தொடர்கின்றது. முன்பின் அறியாதவர்கள் ஒரு நாடகத்தை ஒத்திகையின்றி ஆட வேண்டுமாயின் அனைவரிடமும் பொதுவான ஒரு பாடம் இருக்க வேண்டும். அப்பொதுப் பாடம் பெரும்பாலும் சுவாமிகளுடையது. அவர் சிறுவரின் நினைவுக்கென இட்ட கொளுவிகள், இன்று ஒருவரையொருவர் அறியாத நடிகரை இணைக்கும் கொளுவிகளாகப் பயன்படுகின்றன.

ஆயின் கொளுவிகளுக்கு இடையில் இருப்பது எல்லாம் மாறுகிறது. வள்ளிக்கும் நாரதருக்கும் இடையே நிகழும் தர்க்கம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தொடங்கும் இடமும் முடியும் இடமும் யாவர்க்கும் தெரியும். இடையில் இருவரும் தம் கல்விக்கும் நாவன்மைக்கும் ஏற்ப வினாவும் விடையும் வளர்ப்பர். வல்லவர் இருவர் எதிர்ப்பட்டால் ஒரு காட்சியே பல மணி நேரம் நீளும். அவை அதனை எதிர்பார்த்தே வந்திருக்கும். பபூனும் நடனக்காரியும் நடத்தும் பகுதிகளோ அச்சில் ஏறாதவை. சூசன் செய்சர் 2005-இல் வெளியிட்ட நூலில் அப்பகுதிகளை மேடையிலிருந்து நேரே பதிவு செய்து, எழுத்துப்பெயர்த்து, மொழிபெயர்த்துத் தந்துள்ளார். நூல் வடிவம் பெறாத அரங்கமொழியை நிகழ்வு நிகழ்ந்தவாறே பெயர்க்க இயலும் என்பதற்கு அது தக்க சான்று. தமிழ்ப் பல்கலைக்கழகங்களில் மேற்கொள்ளப்படும் நாடக ஆய்வுகள் பலவும் இன்னும் அச்சுப் படிகளையே சுற்றி வருவது வருந்தத்தக்கது.

அச்சுப் படிகளின் நிலையும் எளிதன்று. கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்களும், மலிவு விலை வெளியீடுகளும் அவ்வப்போது எவர் பாடியதையோ கேட்டு அச்சிட்டவை. இசைத்தட்டு வந்த பின் பாடல்கள் தட்டின் ஒரு பக்கத்திற்குரிய மூன்று நிமிட அளவுக்குச் சுருங்கின. சுருங்கிய வடிவமே பலர் செவியில் மூலமாக நிலைத்தது. சுவாமிகள் எழுதிய நாடகங்கள் நாற்பது என்று கூறும் பட்டியலும் உண்டு. அறுபதுக்கு மேல் என்று கூறும் பட்டியலும் உண்டு. இவ்வேறுபாட்டை ஆராய்ச்சிக் குறைவாக மட்டும் கருதலாகாது. முன்னரே மேடையில் வழங்கிய நாடகத்திற்குப் பாடல் எழுதியதும், பிறருடையதைத் திருத்தியதும், மாணவர்க்குச் சொல்லிக் கொடுத்ததும் ஆகிய யாவும் ‘ஆசிரியர்’ என்னும் சொல்லுக்குள் அடங்கியபோது, எதனை அவர் எழுதியது என எண்ணுவது? பிற்காலத்தில் அரிமளம் சு. பத்மநாபன் முதலியோர் தொகுத்து வெளியிட்ட பதிப்புகள் சிதறிக் கிடந்தவற்றை ஒருங்கு சேர்த்தமையால் பெரும்பணி ஆற்றியுள்ளன. அவற்றை அடிப்படையாகக் கொண்டு பாடவேறுபாட்டுப் பதிப்புகள் தோன்ற வேண்டும். சங்க நூல்களுக்கு உ.வே. சாமிநாதையர் காலத்தில் வகுத்த முறையை இங்கு அப்படியே கைக்கொள்ளுதல் பொருந்தாது. அம்முறை வேறுபட்ட ஏடுகளுக்குப் பின்னே ஒரு மூல ஏடு இருந்ததாகக் கொண்டு அதனை அணுக முயல்கின்றது. வள்ளி திருமணத்திற்கு அத்தகைய ஒரு மூலத்தைத் தேடுவோர், சுவாமிகள் பத்து ஊர்களில் பத்து மாணவர்க்குப் பத்து விதமாகச் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மொழிபெயர்ப்பாளர் எதனை மூலமாகக் கொள்வது என்னும் வினா இங்கு எழுகின்றது. பதிப்பித்த பனுவலைப் பெயர்த்தால் செய்யுளும் வசனமும் கிடைக்கும். தர்க்கம் எலும்பாகவும் பபூன் நிழலாகவும் நிற்கும். மேடை நிகழ்வு ஒன்றைப் பெயர்த்தால் அது சுவாமிகளுடையது என்று தலைப்பில் எழுதுவதற்குக் கை கூசும். இரண்டையும் கலந்து முழுமையான ஒரு நாடகத்தைத் தாமே ஆக்கிக் கொள்வோரும் உளர். படிப்பதற்கு இனிமையான அவ்வழி மூன்றினும் நேர்மை குறைந்தது. எந்த ஊரிலும் எந்த இரவிலும் நிகழாத நாடகம் அதனாற் பிறக்கின்றது. ஊரும் நாளும் நடிகரும் குறிக்கப்பெற்ற ஒரே ஓர் இரவின் ஒலிப்பதிவை எழுத்துப்பெயர்த்து, அதனை வலப்பக்கத்திலும் அச்சுப் பனுவலின் பெயர்ப்பை இடப்பக்கத்திலும் எதிரெதிரே வைத்து வெளியிடுவது செய்யத்தக்க பணி. இரு பக்கங்களும் ஒத்துச் செல்லும் இடங்களில் வாத்தியார் சொல்லிக் கொடுத்தது தெரியும். இடப்பக்கம் வெறுமையாகி வலப்பக்கம் மட்டும் பல தாள்களுக்கு நீளும் இடங்களில் அந்நடிகர் தாமே பேசியது தெரியும்.

இப்பணியைக் காலம் தாழ்த்துவதற்கில்லை. சுவாமிகளிடம் நேரே பாடம் கேட்ட தலைமுறையில் எவரும் இன்று இல்லை. சண்முகம் 1973-இல் மறைந்தார். அவர்களிடம் கேட்டவர்களிடம் கேட்டவர்களே இப்போது மேடையில் உள்ளனர். ஆண்டுதோறும் நாடக நடிகர் சங்கத்தினர் சுவாமிகளுக்குக் குருபூசை நடத்துகின்றனர். பல ஊர் நடிகர்கள் கூடும் அவ்விடத்தில் ஒரே பாட்டை மூவர் பாடக் கேட்டுப் பதிவு செய்வது பெருஞ்செலவு வேண்டும் செயலன்று. மூன்றிலும் மாறாது நிற்கும் அசைகள் எவை, மாறுவன எவை என்று எண்ணத் தொடங்குவதற்கு அதுவே போதும்.